வேகும் இரும்பு

தொழுகைக்குக் கிளம்பும்போது நெய்னா முகமது பாய் எப்போதும்போல கிரில் கதவை இழுத்து மூடி, வெளிப்பக்கம் பூட்டுப் போட்டார். துப்பாக்கி ரிப்பேர்க் கடை என்றால் அப்படித்தான். முதலாளி வாசலைத் தாண்டினால், உள்ளே ஆள் இருந்தாலும் பூட்டியாக வேண்டும். வெள்ளிக்கிழமை மதியங்களில் சலேத்தம்மாள் உள்ளே, சாவி பாயின் சட்டைப்பையில்.

"பூட்டிட்டேன் சலேத்தக்கா. பயந்துக்க மாட்டீங்கள்ல?"

"எத்தனை வருஷமா பூட்டுறீங்க. இன்னைக்கு மட்டும் என்ன விசாரணை?"

"இன்னைக்கு உள்ள வேகுறது உங்க வீட்டுச் சாமானாச்சே. அதான்."

"யாரு வீட்டுதா இருந்தா என்ன பாய், சாமான் சாமான்தான். போயிட்டு வாங்க. எனக்கும் சேத்துக் கேட்டுட்டு வாங்க."

"உங்களுக்குத்தான் மாதா வீட்டு நம்பரே தெரியுமே, நான் வேற எதுக்கு நடுவுல," என்று சிரித்தவர், தெருவில் இறங்கியபின் திரும்பி, சிரிப்பில்லாமல், "கோட்ட மட்டும் பாத்துக்கங்க. இரட்டைக் குழல்," என்றார்.

பாயின் செருப்புச் சத்தம் பாலக்கரைச் சந்தடியில் கரைந்ததும் சலேத்தம்மாள் பின்னறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். எதிரே அடுப்பு. பேக்கரிகளுக்கு அடுப்பு செய்கிற அரியமங்கலத்துப் பட்டறைக்காரர் செய்துகொடுத்த ஆளுயர இரும்புப் பெட்டி, கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குள் மஞ்சள் விளக்கு, அந்த வெளிச்சத்தில் கம்பிக் கொக்கியில் தலைகீழாகத் தொங்குகிற இரண்டு குழல்கள், ஒன்றின் முதுகை ஒன்று ஒட்டிக்கொண்டு, கூட்டத்தில் கையைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகள் மாதிரி. காலையில்தான் அவள் சாயம் அடித்தாள். அடித்த சாயம் வேகாதவரைக்கும் வெறும் தூசுதான், நகம் பட்டால் உரிந்து வரும், வெந்து இறங்கிவிட்டாலோ ஆணியால் கீறினாலும் அசையாது, மழை ஏறாது, கை வியர்வை ஏறாது. அதற்குச் சூடு நிதானமாக இருக்க வேண்டும், அவசரப்படக் கூடாது, அடுப்பில் பால் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். சூட்டைக் கூட்டுகிற திருகைச் சுற்றி எண்கள் இருந்தன, எண்களுக்கு நடுவே ஒரு சிவப்புக் கோடு, பாயின் மகள் நகத்துக்குப் போடுகிற சாயத்தால் பாயே இழுத்தது. ஒற்றைக் குழல் துப்பாக்கி வந்தால் அந்தக் கோட்டுக்கு வேலை இல்லை. இரட்டைக் குழலுக்குத்தான். இரண்டு குழலையும் அந்தக் காலத்தில் ஈயம் உருக்கி ஊற்றித்தான் ஒட்டவைத்திருக்கிறார்கள். இரும்பு தாங்கும், சாயம்கூடத் தாங்கும், ஈயம் தாங்காது. கோட்டைத் தாண்டினால் வியர்க்கும், முத்து முத்தாகக் கிளம்பும், சொட்டும், இரண்டு குழலும் பிரிந்துகொள்ளும். அப்புறம் அது துப்பாக்கி இல்லை, இரண்டு குழாய். கடைக்கு அடுப்பு வந்த புதிதில் மணப்பாறைப் பக்கத்து மிராசுதார் ஒருவரின் துப்பாக்கியைப் பாயே அப்படி வேகவைத்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டு இதே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒட்டிக்கொடுக்க ஆளே கிடைக்கவில்லை. ஒருவர் கிடைத்தார், ஒட்டினால் நான் சுட்டுப் பார்க்க மாட்டேன், நீங்கள்தான் சுட வேண்டும் என்றார். அன்றைக்குச் சாயங்காலம்தான் அந்தக் கோடு வந்தது. திருகின் முள் இப்போது கோட்டுக்கு நல்ல தூரத்தில், சமர்த்தாக, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

அவள் மடியிலிருந்து செபமாலையை எடுத்தாள். அடுப்பு வேகிற நேரமெல்லாம் செபமாலை நேரம்தான், யாருடைய துப்பாக்கியாக இருந்தாலும் அதன் மேல் ஒரு மாலை சொல்லித்தான் இறக்குவாள், இது கரும்புக்காட்டுக்குப் பன்றி விரட்டப் போகிறது, இது பேங்க் வாசலில் நிற்கப் போகிறது, யாருக்கும் எதுவும் ஆகக் கூடாது சாமி, என்று. பாய்க்கு அது தெரியும். கஸ்டமரிடம் சொல்வார், எங்க கடையில சாயம் பூசினா உள்ளுக்குள்ள ஒரு கோட்டிங் இலவசம் என்று. அருள் நிறைந்த மரியே வாழ்க. மணி விரலில் நகர்ந்தது. கர்த்தர் உம்முடனே. நகர்ந்தது. பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும், எங்கள் மரண நேரத்திலும். மணி நகரவில்லை. மரண நேரத்திலும் என்று சொன்னால் அதற்குப் பிறகு ஒரு ஆமென் சொல்ல வேண்டும், அறுபது வயதுக்கு அந்த ஆமென் தானாக வந்துகொண்டிருந்தது, மூச்சு விடுகிற மாதிரி, இன்றைக்கு வரவில்லை. திரும்ப ஆரம்பித்தாள். திரும்ப அங்கேயே வந்து நின்றது. சேலை முள்ளில் மாட்டிக்கொண்டால் இழுக்கக் கூடாது, பின்னால் ஒரு எட்டு வைத்து எடுக்க வேண்டும். பின்னால் ஒரு எட்டு வைத்தாள். எந்த முள், எங்கே.

துப்பாக்கி அவளுடைய மூத்த பிள்ளை பெர்க்மான்ஸுடையது. பட்டாளத்திலிருந்து வந்ததும் லைசென்ஸ் எடுத்து, சொந்தமாக வாங்கி, பணம் கொண்டுபோகிற வேனில் காவலுக்கு ஏறினான். ஒரு மழைநாள் பேங்க் வாசலில் வேனிலிருந்து இறங்கும்போது நனைந்த படியில் பூட்ஸ் வழுக்கி, கையிலிருந்தது வெடித்துவிட்டது. பேங்கின் அட்டெண்டர் கோதண்டம் எதிரே வந்துகொண்டிருந்தார். பணப்பெட்டி நனையக் கூடாது என்று குடையை விரித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று வக்கீல் சொன்னார், எதிர்க்கட்சி வக்கீல் அவ்வளவில்லை என்றார், பெர்க்மான்ஸ் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். ஜாமீன் கிடைக்கிறவரை சிறைக்குப் போய்க் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தாள், சாப்பிட்டியா என்று கேட்டாள், சாப்பிட்டேன் என்றான், வலைக்குள்ளே அவன் முகம் சின்னச் சின்னக் கட்டமாக இருந்தது. மருமகள் பவுலின் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு அம்மா வீட்டுக்குப் போனவள், வழக்கு முடியட்டும் அத்தை என்றாள். வழக்கு முடிந்தது. விபத்து என்று தீர்ப்பானது. பவுலின் வரவில்லை. துப்பாக்கி வந்தது. கோர்ட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, கோணியில் சுற்றி, ஆட்டோவில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்தான், அலமாரிக்குள் வைத்துப் பூட்டினான், சாவியைக் கழுத்துக் கயிற்றில் தொங்குகிற மாதா சுருபத்தோடு கோர்த்துக்கொண்டான். போன வாரம் அவனே எடுத்துக்கொண்டுபோய்ப் பாயிடம் கொடுத்திருக்கிறான், அவள் காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில். பாய்தான் சொன்னார். நானே பண்ணிடறேன் அக்கா, நீங்க ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்க என்றார். வேண்டாம் பாய், வேற கை படக் கூடாது என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கோணியைப் பிரித்தபோது பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. கோர்ட் அறையில் வருஷக்கணக்காகக் கிடந்ததில் துரு ஏறியிருந்தது. துரு எல்லாத் துப்பாக்கியிலும்தான் வருகிறது, பொட்டுப் பொட்டாக, திட்டுத் திட்டாக, இதில் அப்படி இல்லை. நான்கு விரல், ஒரு கட்டைவிரல். இடது கை குழலைத் தாங்கிப் பிடிக்கிற இடத்தில் முழுசாக ஒரு கை. சிலருக்குக் கையில் உப்பு ஜாஸ்தி, அவர்கள் தொட்ட இரும்பை அன்றைக்கே துடைக்காவிட்டால் தொட்ட இடம் துருவாக எழும்பும் என்று பாய் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு யார் துடைப்பார்கள், போலீஸ் அப்படியே எடுத்துக் கட்டி முத்திரை வைத்தது. அவன் சின்ன வயதில் சட்டைக் காலரெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும், துவைக்கும்போது கல்லில் தேய்த்துத் தேய்த்து அவள் கை எரியும். அந்தக் கையைத்தான் நேற்று மணல்பெட்டிக்குள் வைத்து அடித்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு, நீள ரப்பர் கையுறைக்குள் இரண்டு கையையும் விட்டு, காற்றும் மணலுமாகச் சீறுகிற குழாயைச் சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தாள். சுண்டுவிரல் போயிற்று. மோதிரவிரல் போயிற்று. கட்டைவிரல் ஆழமாக இறங்கியிருந்தது, அதற்கு மட்டும் நிறைய நேரம் ஆயிற்று, போ, போ, என்று வாய்விட்டே சொன்னாள். கடைசியில் குழல் முழுக்க ஒரே சாம்பல் நிறம், குழந்தைத் தலைக்கு மொட்டை அடித்த மாதிரி, எங்கே தொட்டான் எங்கே தொடவில்லை என்று தெரியாத மாதிரி.

அப்படியும் இன்று காலையில் குழல் வியர்த்தது. சாயம் அடிப்பதற்கு முன்னால் சும்மா ஒருமுறை சூடேற்றிப் பார்ப்பார்கள். எத்தனை கழுவினாலும், எத்தனை தின்னரில் ஊறவைத்தாலும், இரும்பின் சந்துபொந்தில் பழைய எண்ணெய் உட்கார்ந்திருக்கும். சூடு பட்டால்தான் வெளியே வரும், இரண்டு குழலுக்கும் நடுவே ஓடுகிற பட்டைக்கடியிலிருந்து கோடு கோடாக வழியும். என்றைக்கோ யாரோ போட்ட எண்ணெய். வழக்கமாகத் துடைத்துப்போட்டுவிட்டு மறுபடி கழுவுவாள். இன்றைக்குத் துணியை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். உள்ளே இன்னும் என்ன இருக்கும். எண்ணெய் உட்கார்ந்திருக்கும் என்றால் மழைத் தண்ணீர் உட்கார்ந்திருக்காதா. சத்தம் உட்கார்ந்திருக்காதா. ஒரு மனுஷன் ஐயோ என்று சொன்னாரோ சொல்லவில்லையோ, சொல்லியிருந்தால் அது. துணியில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது, மோந்து பார்த்தாள், எண்ணெய்தான், எண்ணெய் வாசம்தான், ஆண்டவரே எண்ணெய்தான்.

கோதண்டம் வந்து நின்றார். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில், கையுறைகள் காயப்போட்டிருக்கிற இடத்தில், குடையை விரித்துக்கொண்டு. அவர் வருவது புதிதில்லை, இந்த வாரம் முழுக்கவே வந்துகொண்டிருந்தார், மணல்பெட்டியின் கண்ணாடியில் பின்னால் நிற்பார், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், குடை மட்டும் மடக்கமாட்டார். அவரை அவள் உயிரோடு பார்த்ததில்லை. பேங்க் தெருச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான் பார்த்தாள். ஸ்டுடியோக்காரன் அவருக்குக் கம்ப்யூட்டரில் கோட்டும் டையும் மாட்டிவிட்டிருந்தான், பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி வைத்திருந்தான், அவர் யாரோ நல்ல செய்தி சொன்ன மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். அதனால் அந்தக் கோட்டோடுதான் வருகிறார், அந்தச் சிரிப்போடுதான், அட்டெண்டர் காக்கியில் எப்படி இருப்பார் என்று அவளுக்குத் தெரியாது. குரலும் தெரியாது, அதனால் பேசமாட்டார். குடையிலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டும். அடுப்புச் சூட்டில் சொட்டின இடம் காயாது. சூடா இருக்கு, அங்கிட்டு நில்லுங்க அண்ணே என்று மனசுக்குள் சொன்னாள். அவர் நகரவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு, கண்ணாடிக்குள்ளே தொங்குகிறதைப் பார்த்தார். அவர் அதைப் பார்க்கிற விதத்தில் ஒன்றும் கோபம் இல்லை. தெரிந்தவர்களைக் கல்யாண வீட்டில் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பெர்க்மான்ஸும் இந்த வாரம் அப்படித்தான் பார்க்கிறான், எல்லாவற்றையும்.

ஆமாம், அங்கேதான் முள். எத்தனையோ வருஷம் முகத்தைத் தூக்காமல் சாப்பிட்டவன், இந்த வாரம் நிமிர்ந்து பார்த்துச் சாப்பிட்டான். நல்லா இருக்கும்மா என்றான். தங்கச்சி ஸ்டெல்லா திருப்பூரிலிருந்து வந்திருந்தபோது அவள் பையனைக் கூப்பிட்டுத் தன் பட்டாளத்துக் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிவிட்டான், பெரிசா இருக்கு மாமா என்றது பிள்ளை, கை வளந்துடும்டா என்றான். டிரங்குப்பெட்டியை இறக்கித் துணியெல்லாம் மடித்து வைத்தான். பவுலினுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் மெதுவாகப் பேசினான், சண்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தான். சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றான். இதற்காகத்தான் அவள் வேளாங்கண்ணிக்கு நடந்தாள், இதற்காகத்தான் பூண்டி மாதாவிடம் அழுதாள், என் பிள்ளை ஒருநாள் முழங்காலில் நிற்க வேண்டும், மனசு லேசாக வேண்டும் என்று. அவன் முழங்காலில் நின்றான், எழுந்து வந்தான், மனசு லேசாகத்தான் இருந்தது, முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பிரயாணம் போகிறவர்கள்தான் அப்படி எல்லாரிடமும் நன்றாகப் பேசுவார்கள், எல்லாவற்றையும் மடித்து வைப்பார்கள். கேட்டதெல்லாம் கொடுத்துவிட்டீரே ஆண்டவரே, ஒரேயடியாகக் கொடுக்கிறீரே, எதற்கு. பாயிடம் அவன் சொல்லியிருக்கிறான், பளபளப்பு வேணாம் பாய், வெளிச்சம் பட்டாத் திருப்பி அடிக்கக் கூடாது, அதுல என் மூஞ்சி தெரியக் கூடாது என்று. பாய் அதைச் சாயத்தின் விஷயமாக எடுத்துக்கொண்டார். மேட் கறுப்புத்தானே, போட்டுட்டாப் போச்சு என்றார். வேலைக்குப் போகப் போகிறான் போலிருக்கு அக்கா, நல்லதுதானே என்றார். நல்லதுதான். நகைக்கடை வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவர்களைப் பார்த்தால் மூஞ்சி தெரியுமா தெரியாதா என்று யார் யோசிக்கிறார்கள். துப்பாக்கியில் மூஞ்சி எப்போது தெரியும், அதை எப்படிப் பிடித்தால் தெரியும். மூஞ்சிக்கு நேரே பிடித்தால்தானே. அவள் அந்த நினைப்பை விட்டு எழுந்து வந்துவிட்டாள், முக்காலியிலிருந்து எழுந்து தண்ணீர்க் குடம் வரைக்கும் வந்துவிட்டாள், அது பின்னாலேயே வந்தது.

கேட்டிருக்கலாம். நேராகக் கேட்டிருக்கலாம், என்னடா யோசனை உனக்கு என்று. கேட்டால் அது வாய்க்கு வந்துவிடும், வாய்க்கு வந்தால் வீட்டுக்குள் வந்துவிடும், வீட்டுக்குள் வந்தால் அதற்கும் ஒரு தட்டு வைக்க வேண்டும் என்று ஒரு பயம். அதனால் சாம்பாருக்கு உப்புப் போதுமா என்று கேட்டாள். சாயங்காலம் சூடு ஆறிவிடும். பாய் எண்ணெய் போட்டு, மரக்கட்டையை மாட்டி, இரண்டு முறை மடக்கித் திறந்து பார்த்து, துணி உறையில் வைப்பார். பெர்க்மான்ஸ் வருவான். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போவான். நல்லா இருக்கும்மா என்பான். அவள்தான் கொடுப்பாள், இந்தக் கையால்தான் எடுத்துக் கொடுப்பாள், அவன் பிறந்தபோது சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்த இந்த விரலால். மரண நேரத்திலும். மரண நேரத்திலும். மணி நகர மாட்டேன் என்கிறது.

பாயின் முகம் ஞாபகம் வந்தது. கணவர் போனபின், கேட்டுக்கும் ஜன்னலுக்கும் பவுடர் கோட்டிங் அடிக்கிற கம்பெனியில் கால் வீங்க நின்றுகொண்டிருந்தவளைக் கூப்பிட்டு உட்கார முக்காலி போட்டுக் கொடுத்தவர். நோன்புக் கஞ்சி வந்தால் முதல் தூக்கு அவளுக்குத்தான். அந்த மனுஷர் அல்லா முன்னால் நெற்றியைத் தரையில் வைத்திருக்கிற நேரத்தில் அவருடைய கடைப்பெயரைக் கெடுப்பதா. அப்படிக் கெட்டால் ஊரில் யார் இங்கே துப்பாக்கி கொண்டுவருவார்கள். பாவம் அது. பாவம் என்று தெரிந்தே செய்தால் இரட்டைப் பாவம், சாமியார் கேட்டால் என்ன சொல்வாள். யோசித்துக்கொண்டே இருந்தாள், யோசனை எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக, கோயிலுக்குப் போகிற பெண்கள் மாதிரி. கை மட்டும் திருகின் மேல் இருந்தது. எப்போது வைத்தாள். திருகு வெதுவெதுப்பாக இருந்தது. கோதண்டம் பார்த்துக்கொண்டிருந்தார். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது, கொஞ்சம் தயங்கிய மாதிரி இருந்தது, தயங்கியது அவளாகத்தான் இருக்க வேண்டும், முள்ளுக்கு என்ன தெரியும். பிறகு தாண்டியது. கடைசி வரைக்கும் திருப்பினாள், அதற்கு மேல் திரும்பாது என்கிறவரை. அடுப்பு ஒருமுறை உறுமி, சீராக மூச்சு விட ஆரம்பித்தது.

"அம்மா."

வாசலிலிருந்து. திருகிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தாள். மறுபடி, "அம்மா, உள்ளயா இருக்க?"

முன்னறைக்குப் போனாள். கிரிலுக்கு வெளியே, வெயிலில், பெர்க்மான்ஸ் நின்றுகொண்டிருந்தான். தேய்த்த சட்டை. கையில் துணி உறை, மடித்தது.

"என்னடா, இப்பவே வந்துட்ட. சாயங்காலம்னுதானே சொன்னாங்க."

"வீட்ல உக்கார முடியல. பாய் எங்க?"

"தொழுகைக்குப் போயிருக்காரு. வெயில்ல நிக்காத, இப்படி நிழலுக்கு வா."

"நீ உள்ள, நான் வெளிய," என்றான். "எப்படி இருக்கு பாரேன். பழம் கிழம் வாங்கிட்டு வந்திருக்கலாம் நான்."

அவள் சிரிக்கவில்லை. அவன் முகம் கம்பிக்கு நடுவே முழுசாக இருந்தது, கட்டம் கட்டமாக இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஆண்டவரே நான் கேட்டுவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, கேட்டாள்.

"தம்பி, அது உனக்கு எதுக்குடா?"

அவன் உறையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். எதிர்ச்சாரியில் பூக்காரம்மா யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பேரம் படிந்து பூவைக் கிள்ளிக் கொடுக்கிறவரை அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அலமாரில இருக்கறப்ப," என்றான், "தலை அந்தப் பக்கமே திரும்புதும்மா. தூங்கறப்பவும். பாத்ரூம்ல இருந்தாலும் அது எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுது. கதவு திறந்திருக்கா பூட்டியிருக்கான்னு தெரியுது."

"ம்."

"அதான் எடுத்துட்டு வந்து பாய்கிட்ட குடுத்தேன். சாயம் போடுங்கன்னு. நான் நெனச்சேன், ரெண்டு மாசம் மூணு மாசம் ஆகும்னு. நம்ம ஊர்ல எது சொன்ன தேதிக்கு ஆகியிருக்கு. இந்த மனுஷன் வர்ற வெள்ளிக்கிழமை வாங்கிக்கங்கறாரு."

"ஆகலேன்னு விட்டுட்டுப் போகவேண்டியதுதானே. எதுக்கு வந்த?"

"வெள்ளிக்கிழமைம்மா இன்னைக்கு," என்றான், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாதவன் மாதிரி. "குடுத்தாங்கன்னா வாங்கிக்குவேன். அதான் பயமா இருக்கு. வாங்கிக்கிட்டு நேரா வீட்டுக்குப் போவேன். எல்லாம் மடிச்சு வெச்சுட்டேன்."

தெரு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மினி பஸ் நின்று, ஆள் ஏற்றி, போனது. சலேத்தம்மாள் கம்பியைப் பிடித்தாள். அவள் பயந்ததுதான், வார்த்தை மாறாமல் அதுதான், ஆனால் வாய்க்கு வந்தபின் அது வீட்டுக்குள் புகுந்துவிடவில்லை, இதோ வெயிலில் நிற்கிறது, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, பசியோடு. அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. மண்டையில் எண்ணெய் வைத்துவிட வேண்டும் போலவும் இருந்தது.

"நான் ஒண்ணு பண்ணிட்டேன்டா."

"என்ன?"

"அடுப்பக் கூட்டி வெச்சுட்டேன்."

அவன் புரியாமல் பார்த்தான்.

"அந்தச் சிவப்புக் கோட்டுக்கு அங்கிட்டு. கடைசி வரைக்கும். ஈயம் தாங்காது. குழல் ரெண்டும் பிரிஞ்சுடும். அதுக்கப்புறம் ஒண்ணுத்துக்கும் ஆகாது."

பட்டாளத்தில் துப்பாக்கியைக் கழற்றி மாட்டினவனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. உறை கையிலிருந்து நழுவி வாசற்படியில் விழுந்தது. அவன் அவளையே பார்த்தான், அவன் சின்ன வயதில், அவள் பொய் சொல்லி முதன்முதலாக அவனிடம் பிடிபட்டபோது பார்த்த மாதிரி, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு.

"பாய் உன்னய வேலைய விட்டு அனுப்பிடுவாரும்மா."

"அனுப்பட்டும். அவரு அனுப்பலேன்னாலும் நான் எப்படி அந்த முகத்தப் பாக்கறது."

"வெச்சு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நீ கூப்பிடுறதுக்குக் கொஞ்சம் முந்தி." பின்னறையிலிருந்து கருகுகிற வாசம் மெல்லிசாக வர ஆரம்பித்திருந்தது, வேலை தெரிந்த மூக்குக்குத்தான் தெரியும். "இப்பப் போய்க் குறைச்சா தப்பிச்சுடும். உன் பொருள். உன் பேர்ல இருக்கு. நீ சொல்லு. சொன்னா இப்பவே குறைச்சுடுறேன்."

அவன் கம்பிக்கு இடையில் உள்ளே பார்த்தான், அவளைத் தாண்டி, பின்னறைக் கதவைத் தாண்டி. தலை அந்தப் பக்கமே திரும்பியிருந்தது. அவள் செபம்கூடச் சொல்லவில்லை, செபம் சொன்னால் தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று அதையும் நிறுத்தி வைத்தாள். அப்புறம் அவன் வாசற்படியில் உட்கார்ந்தான், தெருவுக்கு முகத்தைக் காட்டி, கிரிலில் முதுகைச் சாய்த்து, உட்கார்ந்தபின் முழங்காலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"இருக்கட்டும்மா," என்றான். குரல் முழங்காலுக்குள்ளிருந்து வந்தது. "உள்ள போகாத. புகை வரும். இங்கயே நில்லு."

அவள் நின்றாள். கம்பிக்கு வெளியே கையை விட்டு அவன் தலைமேல் வைத்தாள். வைத்ததும் அவன் முதுகு குலுங்க ஆரம்பித்தது, சத்தமே இல்லாமல், தீர்ப்பு அன்றைக்கு வராதது, கோதண்டத்துக்கு வராதது, பவுலினுக்கு வராதது எல்லாம் கிளம்பிக் குலுங்கியது. பூக்காரம்மா இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி தண்ணீர் தெளித்தாள். குலுங்கட்டும் என்று விட்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

தெருமுனையில் வெள்ளைத் தொப்பிகள் வர ஆரம்பித்தன. அவற்றின் நடுவே பாய், வேகமாக, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, யாரிடமோ சிரித்துவிட்டுத் திரும்பியவர், கடைக்கு நான்கு எட்டு இருக்கும்போதே மூக்கை உறிஞ்சினார். சிரிப்பு நின்றது. படியில் உட்கார்ந்திருக்கிறவனையும், கம்பிக்குள்ளிருந்து நீண்டிருக்கிற கையையும் பார்த்தார். சாவியைப் பூட்டுக்குக் கொண்டுபோனார்.

பெர்க்மான்ஸ் எழுந்து பூட்டின் மேல் கையை வைத்தான். முகம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"கொஞ்ச நேரம் பொறுத்துத் திறங்க பாய்," என்றான்.

பாய் சலேத்தம்மாளைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. பின்னறையில், அடுப்புக்குள்ளே, தகரத் தட்டில் ஒரு சொட்டு விழுந்தது. மூன்று பேரும் கேட்டார்கள். சிறிது இடைவெளி விட்டு இன்னொன்று விழுந்தது. பாயின் கை சாவியோடு மெல்லக் கீழே இறங்கியது.